வெயில் இருந்தது, கரண்ட் இல்லை

1

ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் என் அண்ணன் தவறாமல் ஒரு நக்கல் அடிப்பான். "ஏந்தாயி, வருஷம் பூரா ஸ்வெட்டர் போட்டுத் திரியிற ஊர்ல எதுக்குக் கூரை மேல சோலாரு? மேகத்துல இருந்தா கரண்ட் எடுக்குறீக?" அவன் சாத்தூர்ப் பக்கம் இருப்பவன். சித்திரை மாதம் செருப்பில்லாமல் வாசலைத் தாண்ட முடியாத ஊர் அது. நான் இருப்பது மலேசியாவில், கேமரன் மலையில், தேயிலைத் தோட்டம் முடிந்து வீடுகள் தொடங்குகிற இடத்தில். அடுப்படி சன்னலைத் திறந்தால் தேயிலைதான். பல நாள் காலையில் எதிர் மேடே கண்ணுக்குத் தெரியாது.

அண்ணனுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: சோலார் தகட்டுக்கு வேண்டியது சூடு இல்லை, வெளிச்சம். சொல்லப்போனால் சூடு அதிகமானால் தகடு கொஞ்சம் சுணங்கும். இங்கே குளிர்ச்சியில் அதற்குக் கொண்டாட்டம். மேகம் மூடினால் உற்பத்தி குறையும். ஆனால் அடியோடு நின்றுவிடாது. வெளிச்சம் பட்டதும் தகட்டுக்குள் மின்சாரம் ஓடத் தொடங்கும். அது ஒரே திசையில் ஓடுகிற மின்சாரம், அப்படியே வீட்டில் பயன்படுத்த முடியாது. சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பெட்டி அதை நம் மிக்ஸிக்கும் பிரிட்ஜுக்கும் ஏற்றபடி மாற்றித் தரும். பகலில் வீட்டுச் செலவு போக மிச்சம் இருப்பது தெருக் கம்பிக்குப் போய்விடும். போனதையும் வந்ததையும் மீட்டர் பார்த்துக்கொள்ளும், மாதக் கடைசியில் பில்லில் கழித்துக்கொள்வார்கள். இரவில் தெருக் கம்பியிலிருந்து நமக்கு வரும். மழை பெய்தால் தகட்டுத் தூசியும் போய்விடும். பெரிதாக ஒரு பராமரிப்பும் கிடையாது.

இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லுவேன். ஒரு விஷயத்தை மட்டும் போன வாரம் வரை நான் யாருக்கும் சொன்னதில்லை. போன வாரம்தான் என் மாமனாரின் முதல் வருஷப் படையல் முடிந்தது. அவர் போனதில் எனக்கு ஒரு பங்கு உண்டு. ஒரு வருஷமாக அதை என் வீட்டுக்காரரிடம் மறைத்து வைத்திருந்தேன். ஊரில் சோலார் போடலாமா என்று யோசிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போடட்டும் என்றுதான் எழுதுகிறேன். எழுதினால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும் என்ற ஆசையும் இருக்கிறது, மறைப்பானேன்.

2

என் வீட்டுக்காரர் பெயர் மணியம். பிரிஞ்சாங்கிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறார். தூரத்துச் சொந்தம் என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டு வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் தங்குவதற்கு அனுமதி நீட்டிக்க வருஷா வருஷம் குடிநுழைவு ஆபீசுக்குப் போக வேண்டும். முதல் தடவை அதிகாரி அம்மா மலாயில் "சுவாமி எங்கே" என்கிற மாதிரி ஏதோ கேட்டார். நான் பயபக்தியோடு சன்னல் வழியாகத் தெரிந்த கோயில் கோபுரத்தைக் கைகாட்டினேன். மலாயில் 'சுவாமி' என்றால் புருஷன் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். புருஷன் வெளியே லோரியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.

அந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தவர் என் மாமனார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். நாற்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், பாதிக் காலம் பேக்டரியில், தேயிலைத் தூசிக்கு நடுவே. தோட்டத்து லைன் வீட்டிலேயே பிறந்து லைன் வீட்டிலேயே கிழவனாகி, ஓய்வுப் பணத்தில் இந்தச் சின்ன வீட்டை வாங்கினார். "தொர பங்களாவுக்கு அடுத்து நம்ம பங்களாதான்" என்பார். பேச்சில் குசும்பு குறையாது. என்னை ஒரு நாளும் மருமகளாக நடத்தவில்லை. என் அப்பா சாத்தூரில் செத்தபோது டிக்கெட் கிடைக்காமல் இங்கேயே உட்கார்ந்து அழுத என் பக்கத்தில் அன்று முழுவதும் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

கடைசி இரண்டு வருஷம் அவருடைய நுரையீரல் பழுதாகிவிட்டது. வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்தோம். காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குத் தரும். நாள் முழுவதும் புஸ், டக், புஸ், டக் என்று சத்தம். கரண்டில் ஓடுகிற மெஷின். கரண்ட் போனால் அவசரத்துக்கு என்று, மெஷின் கொடுத்த கடைக்காரர் ஒரு பெரிய ஆக்சிஜன் சிலிண்டரையும் கொண்டுவந்து அறைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்.

மாமாவுக்கு அந்தச் சிலிண்டரைக் கண்டாலே ஆகாது. ஆள் உயரத்துக்கு, பச்சையாக, மூலையில் நின்றுகொண்டிருக்கும். "அந்தக் கங்காணிய வெளிய அனுப்பும்மா. படுத்துக் கெடக்குறவன நாள் பூரா மொறச்சிப் பாக்குறான்" என்பார். தோட்டத்தில் பின்னாலேயே நின்று வேலை வாங்கிய கங்காணிகளின் பெயரெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

3

எங்கள் ஒரே மகள் யாழினி பினாங்கில் வேலை பார்க்கிறாள். சோலார் யோசனை அவளுடையதுதான். பெரிய மெஷின் நாள் முழுவதும் ஓடுவதால் பில் ஏறுகிறது, தாத்தாவின் கூரை சும்மாதானே கிடக்கிறது என்று சொன்னாள். அவள் பேசுவதில் பாதி இங்கிலீஷ், கால்வாசி மலாய், மிச்சம் இருப்பதுதான் நான் கற்றுக்கொடுத்தது. வீட்டுக்கு வருவது தீபாவளிக்கும் சீனப் பெருநாள் லீவுக்கும்தான். ஆனால் போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு, எங்கள் கூரையில் எத்தனை மணிக்கு எவ்வளவு கரண்ட் வந்தது என்று பினாங்கிலிருந்தே பார்ப்பாள். "மா, இன்னிக்கி பனி அதிகமா? கிராப் கீழ போச்சுலா" என்று செய்தி வரும். அம்மா எப்படி இருக்கிறாள் என்பதற்கு அப்படி ஒரு படம் கிடையாது போலிருக்கிறது.

ஈப்போவிலிருந்து வந்த பையன்கள் தகடு மாட்டிய அன்று, அவர்களில் பெரியவன் காகிதங்களை விரித்து வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் மலாயில் வெகுநேரம் விளக்கிக்கொண்டிருந்தான். நான் உள்ளே வடை சுட்டுக்கொண்டிருந்தேன். ஆண்கள் பேசுகிற இடத்தில் போய் நிற்கக் கூடாது என்று இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஊரிலிருந்து நான் கொண்டுவந்த பழக்கம் அது, இன்னும் விட்டபாடில்லை. வேலை முடிந்ததும் போய்ப் பார்த்தேன். சுவரில் வெள்ளைப் பெட்டி, அதில் பச்சை விளக்கு.

எனக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, அல்லது நான் அப்படி நினைத்துக்கொண்டேன். தமிழ்நாட்டில் மின்வெட்டுக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சுவரில் ஒரு பெட்டி, அதில் ஒரு பச்சை விளக்கு என்றால் ஒரே அர்த்தம்தான். என் அண்ணன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே அப்படி ஒன்று இருக்கிறது. கரண்ட் போகும். ஒரு நொடி இருட்டும். பெட்டி முனகும். விளக்கு திரும்ப எரியும். தெருவே இருண்டு கிடக்க நம் வீட்டில் மட்டும் டிவி ஓடும். அங்கே பெட்டிக்குப் பக்கத்தில் பெரிய பேட்டரி இருக்குமே, இங்கே எங்கே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. முன்னேறிய நாடு, பேட்டரியைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பான் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

அக்கம்பக்கத்தில் நான் அடித்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. "இனிமே ஊரே இருட்டானாலும் எங்க மாமாவுக்குக் கவலை இல்ல" என்று கடைத்தெருவில் நின்று சொல்லியிருக்கிறேன். கரண்ட் ஒரு தடவை போயிருந்தால் அன்றே குட்டு உடைந்திருக்கும். போகவே இல்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் மாமா மறுபடியும் கங்காணியைத் திட்டினார். துணியால் மூடி வைத்தாலும் உள்ளே நின்று பார்க்கிறான் என்றார். நான் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "சிலிண்டர் வேணாம், எங்ககிட்ட சோலார் இருக்கு" என்றேன். அடுத்த நாளே வந்து எடுத்துப்போனார்கள். என் வீட்டுக்காரர் அன்று கோலாலம்பூரில் இருந்தார். வந்ததும் சொல்ல நினைத்தேன், மறந்துபோனேன். அவரும் கதவுக்குப் பின்னால் கவனிக்கவில்லை. அவ்வளவு சாதாரணமான விஷயமாக இருந்தது அது எனக்கு. மாமா அன்று இரண்டு ரொட்டி கூடச் சாப்பிட்டார்.

4

அதற்கு இரண்டு வாரம் கழித்து மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை வானம் கழுவி விட்ட மாதிரி வெளுத்தது. பத்து மணி இருக்கும். மாமா சன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்து, "தேயிலைக்கு நல்ல வெயிலு" என்றார். அப்போது மெஷின் நின்று கத்தத் தொடங்கியது. கரண்ட் போனால் அப்படிக் கத்தும்.

நான் பதறவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே, "இருங்க மாமா, சோலார் இருக்குல்ல, இப்ப வந்துரும்" என்றேன். அவரும் தலையாட்டினார். என்னை நம்பினார். ஒரு நிமிஷம் காத்திருந்தேன். ஐந்து நிமிஷம் காத்திருந்தேன். மெஷினை அணைத்துப் போட்டேன். வேறு பிளக்கில் செருகினேன். வெளியே ஓடிப் பெட்டியைப் பார்த்தேன், பச்சை விளக்கு இல்லை. கூரையை அண்ணாந்து பார்த்தால் தகடுகள் கண் கூசுகிற அளவுக்கு வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. இவ்வளவு வெயிலை வாங்கிக்கொண்டு எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறாய் என்று கத்தியது நினைவிருக்கிறது. பெட்டியைக் கையால் அறைந்ததும் நினைவிருக்கிறது. இப்படியே அரை மணி நேரத்தைத் தொலைத்தேன்.

உள்ளே வந்தபோது மாமாவின் உதடு நிறம் மாறியிருந்தது. அப்புறம்தான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து உடனே கிளம்பிவிட்டார்கள். ஆனால் வழியில் மண் சரிந்து, மின்கம்பத்தையும் சாய்த்துக்கொண்டு ரோட்டை மறித்துக் கிடந்தது. இரண்டு வீடு தள்ளி இருக்கும் தேவியும் அவள் புருஷனும் ஓடிவந்து மாமாவைக் காரில் ஏற்றினார்கள். மெஷின் நின்றதை நான் சொல்லவில்லை, நோய் முற்றிவிட்டது என்றே அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவர் தலை என் மடியில் இருந்தது. மண் சரிந்த இடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்காரர்கள் இரண்டு பேர் முழங்கால் சேற்றில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் தோளில் ஒரு சின்னச் சிலிண்டர் இருந்தது. அதற்கு முன்பே மாமா போய்விட்டார்.

5

காரியமெல்லாம் முடிந்தபின், வீட்டுக்காரர் லோரியில் போயிருந்த ஒரு நாள், ஈப்போப் பையனுக்குப் போன் போட்டேன். சண்டை போடத்தான் போட்டேன். அவன் மலாயில் பொறுமையாகச் சொன்னான். தெருக் கம்பியில் கரண்ட் நின்றால் இந்தப் பெட்டி தானாகவே நின்றுவிடும், நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நம் கூரைக் கரண்ட் தெருக் கம்பிக்குப் போய், கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கிற ஆளைக் கொன்றுவிடும். வெயில் எவ்வளவு அடித்தாலும் பேட்டரியும் அதற்குரிய தனி ஏற்பாடும் இல்லாத வீட்டில் விளக்கு எரியாது. "எல்லாருக்கும் நாங்க சொல்லிருவோம், அக்கா" என்றான். யாருக்குச் சொன்னாய் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்காரரும் என்னைப் போலப் புரியாமல்தான் தலையாட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று சாயங்காலம், எங்கள் தெரு முனைக் கம்பத்தில் ஒரு மலாய்க்காரப் பையன் ஏறி வேலை பார்த்தான். இறங்கி வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வீட்டைப் பார்த்துத் தலை குனிந்துவிட்டுப் போனான். அந்தப் பெட்டி நின்றதால்தான் அவன் உயிரோடு இறங்கினான் என்று இப்போது தெரிகிறது. அதனால் பெட்டியைச் சபிக்கவும் முடியவில்லை. சபிப்பதற்கு என்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை.

வீடு மாமா பெயரில் இருந்தது, மின்சாரக் கணக்கும் அவர் பெயரில்தான். பெயர் மாற்ற மூன்று தடவை கவுண்டருக்கு அலைந்தோம். மரணச் சான்றிதழ் கொண்டு வா, வீட்டுப் பத்திரம் கொண்டு வா, வாரிசுக் கடிதம் எங்கே. இன்னும் பில் அவர் பெயருக்கே வருகிறது. காலையில் முதல் வெளிச்சம் பட்டதும் பெட்டி 'டக்' என்று விழித்துக்கொள்ளும். படுக்கையில் இருந்தபடி அடுத்த 'புஸ்'ஸுக்குக் காத்திருப்பேன். ஒரு வருஷமாகத் தினமும் காத்திருக்கிறேன். யாழினி ஒரு தடவை போனில், "மா, தாத்தா போன அன்னிக்கி கிராப்ல பெரிய ஓட்டைமா. பத்து மணிலேருந்து கோசோங். நான் ஆபீஸ்ல பாத்தேன், லைன் கோளாறுன்னு நெனச்சி விட்டுட்டேன்" என்றாள். கோசோங் என்றால் வெறுமை, பூஜ்யம். அதோடு போனை வைத்துவிட்டாள். அவளும் எதையோ சுமக்கிறாள் என்று அன்று புரிந்தது. அதைக் கேட்கிற தைரியமும் எனக்கு வரவில்லை.

என்னைத் தின்றது இன்னொன்று. இந்த ஒரு வருஷத்தில் என் வீட்டுக்காரர் சிலிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிலிண்டர் என்ன ஆச்சு, மாட்டினாயா, தீர்ந்துபோச்சா, எதுவுமே இல்லை. அன்றைக்கு மண் சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு மாலையில்தான் வந்து சேர்ந்தார். பின்னால் கடைக்காரர் வந்து மெஷினை எடுத்துப்போனார். சிலிண்டரும் அதோடு போயிருக்கும் என்று நினைத்திருப்பார். கேட்டால் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். கேட்காதவரை நல்லது என்றும் ஒவ்வொரு நாளும் வேண்டிக்கொண்டேன்.

6

படையல் அன்று கருவாட்டுக் குழம்பும் மைலோவும் ரொட்டியும் வைத்துக் கும்பிட்டோம். மத்தியானம் எல்லோரும் போனபின் நானும் வீட்டுக்காரரும் சாப்பிட உட்கார்ந்தோம். அப்போதுதான் தேவி வந்தாள். கியா பார்மில் ஸ்ட்ராபெரிக் கடையில் வேலை பார்ப்பவள்.

"அக்கா, ஒரு விசயம். அம்மாவுக்கும் அதே ஆக்சிஜன் மெஷின் எழுதிக் கொடுத்துட்டாங்க. அதான் நாங்களும் ஒங்கள மாதிரி சோலார் போட்டுடலாம்னு பாக்குறோம். சைன் வாங்க நாளைக்கி ஆள் வர்றான். கரண்ட் போனாலும் கவலை இல்லன்னு நீங்கதானேலா அப்ப சொன்னீங்க?"

கையில் எடுத்த சோற்றைத் தட்டில் வைத்தேன். இவர் போனபின் தனியாக அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்றுதான் முதலில் புத்தி போனது. வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் விட்டது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

"போடு தேவி. நல்லதுதான், பில்லு கொறையும். ஆனா பேட்டரி இல்லாம அம்மாவுக்காகன்னு போடாத. கரண்ட் நின்னா இதுவும் நின்னுரும். நல்ல வெயில்லயும் நின்னுரும். மாமாவுக்கு அப்பிடித்தான் நின்னுச்சு."

"அலாமா! அப்ப சிலிண்டர் இருந்துச்சில்லக்கா? எங்களுக்கும் ஒண்ணு தர்றாங்க."

இவர் ஒரு வருஷமாகக் கேட்காத கேள்வியை அவள் ஒரு நொடியில் கேட்டுவிட்டாள்.

"இல்ல. சோலார் இருக்கேன்னு ரெண்டு வாரம் முன்னாடியே நான் திருப்பி அனுப்பிட்டேன். இவருக்குக்கூடத் தெரியாது. நீ அனுப்பிராத."

தேவி என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வர்றேன்க்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். நான் தலையைத் தூக்கவில்லை. எழுந்து அடிப்பார், அல்லது லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். எதுவானாலும் வரட்டும் என்று இருந்தது.

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்த ஈப்போப் பையன் எங்கிட்ட சொன்னான் சரசு" என்றார்.

"என்ன சொன்னான்?"

"கரண்ட் நின்னா நின்னுரும்னு. பேட்டரி சேத்துப் போடுங்கன்னான். பின்னாடி பாத்துக்கலாம்னு நான்தான் சொல்லிட்டேன். அப்பாவுக்கு சிலிண்டர் இருக்கேன்னு நெனச்சேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார்.

"ஏங்க எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"அப்ப இந்த ஒரு வருசமா சிலிண்டர் என்னாச்சுன்னு ஏன் கேக்கல?"

"கேட்டா," என்றார், "பேட்டரி ஏன் போடலன்னு நீ கேப்பியே."